சிக்னலில் மட்டும் இருமும் வண்டி

மாமா மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்பார்க் பிளக் நான்கு, இக்னிஷன் காயில் இரண்டு, பெட்ரோல் பம்பு, ஃபில்டர், ஆக்ஸிஜன் சென்சார், இன்ஜெக்டர் கிளீனிங் என்று எட்டு மாத பில்கள் அதில் தேதிவாரியாக இருந்தன. மூன்று ஒர்க்‌ஷாப்புகள் பார்த்தாகிவிட்டது. எழுபதாயிரம் ரூபாய்க்கு மேல் போய்விட்டது. செம்பூரிலிருந்து சான்பாடாவுக்கு மாமாவும் நானும் வந்த அந்த ஜூலை மாதக் காலையிலும் மான்குர்த் சிக்னலில் வண்டி இருமியது. வாஷி பாலத்தில் ஏறியதும் ஒன்றுமே நடக்காததுபோல் வழுக்கிக்கொண்டு ஓடியது.

வண்டி 1996 மாடல் மெர்சிடிஸ் இ220. அந்த வண்டிக்கு நம் நாட்டில் ஓர் இடம் உண்டு. 1994-ல் டெல்கோ நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து இந்தியாவுக்குள் வந்த மெர்சிடிஸ் பென்ஸ், 1995-ல் புனேயில் பூட்டித் தந்த முதல் கார் இதுதான். நிறுவனத்துக்குள் இதன் குறிப்பெயர் டபிள்யூ124. 1984-ல் ஐரோப்பாவில் அறிமுகமாகி, உலகம் முழுவதும் 25 லட்சத்துக்கும் மேல் விற்ற மாடல். மாமா அதைப் பழைய வண்டியாகத்தான் வாங்கினார். மாட்டுங்காவில் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அவருக்கு அப்படி ஒரு ஆசை.

சான்பாடா ஸ்டேஷனிலிருந்து துர்பே பக்கம் போகும் சர்வீஸ் ரோட்டில் இருந்தது அந்த ஷெட். தாராவியில் வளர்ந்த திருநெல்வேலிக்காரர் நடத்துகிறார். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. ஃபைலை நீட்டிய மாமாவிடம் அவர் அதை வாங்கவே இல்லை.

"பில்லு அப்புறம் பாக்கேன் சார். பானட்டையும் இப்பத் தொறக்காண்டாம். எப்ப இருமுது, எப்ப இருமல, அத மட்டும் சொல்லுங்க."

பிறகு அவர் கேட்டதெல்லாம் பொழுதும் நிலையும் பற்றிய கேள்விகள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் எப்படி? பத்து நிமிடம் ஓடி, சூடு முள் நடுவுக்கு வந்த பிறகு? நிற்கும்போதா, ஓடும்போதா? ஏ.சி. போட்டால் கூடுகிறதா, குறைகிறதா? மேட்டில் ஏறும்போது இழுக்கிறதா? திடீரென வந்ததா, மெல்ல மெல்லவா? மாமா யோசித்து யோசித்துப் பதில் சொன்னார். அண்ணாச்சி ஒரு சாக்பீஸை எடுத்து ஷட்டரில் எழுதிக்கொண்டே வந்தார். காலையில் சுத்தம். சூடான பிறகு மிஸ்ஸிங். நின்றால் மட்டும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் கண்ணாடி மாதிரி. ஏ.சி. போட்டால் கொஞ்சம் தேவலை. போன தீபாவளிக்குப் பிறகு மெல்ல மெல்ல.

கடைசியாக அவர் கேட்டது பி.யூ.சி. என்ற புகைச் சோதனைச் சீட்டு. மாமா குழம்பினார். "அதுல பாஸ்தான் அண்ணாச்சி." "பாஸு கெடக்கட்டும், நம்பரக் காட்டுங்க." சீட்டில் சி.ஓ. 0.2 சதவீதம், எச்.சி. 1,140. அண்ணாச்சி அதையும் ஷட்டரில் எழுதினார்.

ஷட்டரில் அப்போது ஆறேழு வரிகள்தான். ஒரு நட்டுகூட கழற்றவில்லை. ஆனால் எழுபதாயிரம் ரூபாயில் கிடைக்காத விடையில் முக்கால்வாசி அந்த வரிகளிலேயே இருந்தது. அது எப்படி என்று புரிய, வண்டி சும்மா நிற்கும்போது எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு கணக்குப் போட வேண்டும்.

ஒரு நொடியில் இருபத்தைந்து

இந்த எஞ்சின் நான்கு சிலிண்டர், 2.2 லிட்டர். சிக்னலில் நிற்கும்போது நிமிடத்துக்கு சுமார் 750 சுற்று சுற்றுகிறது. ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிக்கும். அப்படியானால் நான்கும் சேர்ந்து நொடிக்கு 25 வெடிப்பு. காது அதைத் தனித்தனியாகப் பிரிக்க முடியாமல் ஒரே ரீங்காரமாகக் கேட்கிறது. இந்த நான்கில் ஒரே ஒரு சிலிண்டர் படுத்துவிட்டால், நொடிக்கு ஆறு முறை ஒரு பள்ளம் விழும். ஆறு என்பது காதும் உடம்பும் எண்ணக்கூடிய வேகம். ஸ்டியரிங்கில் 'தக் தக் தக்' என்று சீராக வரும் அந்த அதிர்வு ஒரு சிலிண்டர் செத்ததன் கையெழுத்து. மாமாவின் வண்டியில் அந்தச் சீர் இல்லை. ஒரு முறை இங்கே, ஒரு முறை அங்கே என்று சில்லறை சிதறியதுபோல் தடுமாறியது. அனுபவமுள்ள காது இந்த வித்தியாசத்தை ஐந்து நொடியில் பிடித்துவிடும். அதில் மந்திரம் ஏதுமில்லை. அது அதிர்வெண் கணக்கு.

ஒவ்வொரு வெடிப்புக்கும் எவ்வளவு பெட்ரோல் வேண்டும்? ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடும்போது, இந்த அளவு எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 250 கிராம் காற்றை இழுக்கிறது. 1,500 வெடிப்புக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 0.17 கிராம் காற்று. பெட்ரோல் முழுவதும் எரிய, அதன் எடையைப்போல் 14.7 மடங்கு காற்று வேண்டும். ஆகவே ஒரு வெடிப்புக்கு 11 மில்லிகிராம் பெட்ரோல், அதாவது நான்கைந்து கொசுவின் எடை. ஒன்றரை டன்னுக்குக் கொஞ்சம் குறைவான ஒரு வண்டியை மௌனமாக நிறுத்தி வைத்திருப்பது, நொடிக்கு 25 முறை தவறாமல் அளந்து விடப்படும் அந்தக் கொசு எடைதான்.

அதை அளப்பது கம்ப்யூட்டர். ஆனால் கம்ப்யூட்டருக்குக் காற்று கண்ணுக்குத் தெரியாது. அதற்காகக் காற்று நுழையும் வழியில் ஒரு மீட்டர் இருக்கிறது. அதில் மின்சாரத்தால் சூடேற்றிய ஒரு மெல்லிய படலம். டபராவில் ஊற்றிய காபி மேல் ஊதினால் சீக்கிரம் ஆறுகிறது அல்லவா, அதுபோல் காற்று கூடக் கூடப் படலம் வேகமாகக் குளிரும். சூட்டைக் குறையாமல் வைக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்று பார்த்தே காற்றின் எடையைக் கணக்கிட்டுவிடுகிறார்கள். அழகான உத்தி. அதற்கு ஒரே ஒரு நிபந்தனை. எஞ்சினுக்குள் போகும் காற்று முழுவதும் அந்த மீட்டர் வழியாகத்தான் போக வேண்டும்.

சான்பாடா ஸ்டேஷனில் டிக்கெட் கவுண்டரை மட்டும் வைத்து ரயிலில் எத்தனை பேர் என்று கணக்கிட்டால் என்ன ஆகும்? தண்டவாளத்தைத் தாண்டி நடைமேடையில் ஏறியவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். மீட்டரைத் தாண்டிய பிறகு எங்காவது ஓர் ஓட்டை இருந்தால், அதன் வழியாக நுழையும் காற்றும் அப்படித்தான். கம்ப்யூட்டர் 200 கிராம் காற்றுக்குப் பெட்ரோல் விடும், உள்ளே 250 கிராம் இருக்கும். 14.7 என்ற விகிதம் 18-ஐத் தாண்டிவிடும். ஐடிலிங்கில் சிலிண்டருக்குள் பழைய புகையும் நிறையத் தங்கியிருப்பதால், அவ்வளவு மெலிந்த கலவை சில முறை பற்றும், சில முறை பற்றாது. பற்றாத முறைதான் மிஸ்ஸிங். மெக்கானிக்குகள் இதை 'ஏர் எடுக்குது' என்பார்கள்.

இப்போது ஷட்டருக்குத் திரும்புவோம்.

நின்றால் மட்டும் இருமல். எஞ்சின் ஐடிலிங்கில் இருக்கும்போது உள்ளே வெற்றிடம் மிக அதிகம், வழக்கமான காற்று மிகக் குறைவு. ஓட்டையின் பங்கு அப்போதுதான் பெரிது. 2.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை வழியாக நிமிடத்துக்கு சுமார் 50 கிராம் காற்று நுழையும். ஐடிலிங்கில் அது ஐந்தில் ஒரு பங்கு. நெடுஞ்சாலையில் 3,000 சுற்றில் எஞ்சின் 1,500 கிராம் இழுக்கும்போது அதே 50 கிராம் மூன்று சதவீதம்தான், யாருக்கும் தெரியாது. பெட்ரோல் பம்பு பலவீனமாக இருந்திருந்தால் நிலைமை நேர் எதிர். நின்றால் சுகமாக இருக்கும், வேகமெடுக்கும்போதும் மேடு ஏறும்போதும் திணறும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் கண்ணாடி மாதிரி ஓடிய வண்டிக்குப் புதுப் பம்பு போட்டது ஏன் என்று நினைக்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

காலையில் சுத்தம். குளிர்ந்த எஞ்சினுக்குக் கம்ப்யூட்டர் தாராளமாகப் பெட்ரோல் விடும். அந்தத் தாராளம் ஓட்டையின் குறையை மூடி மறைத்துவிடுகிறது. எஞ்சின் சூடாகி, சிக்கனம் தொடங்கியதும் குறை வெளியே வருகிறது.

ஏ.சி. போட்டால் தேவலை. எனக்கு மிகவும் பிடித்த தடயம் இது. ஏ.சி. என்பது எஞ்சினுக்குச் சுமை. சுமை கூடினால் நோய் கூட வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் சுமையைச் சமாளிக்கக் கம்ப்யூட்டர் கூடுதல் காற்றை மீட்டர் வழியாக விடுகிறது, அதற்குத் தக்க பெட்ரோலும் சேர்கிறது. ஓட்டைக் காற்றின் பங்கு சுருங்குகிறது. வண்டி கொஞ்சம் மூச்சு விடுகிறது. பிளக்கோ காயிலோ கெட்டிருந்தால் சுமை கூடும்போது இருமலும் கூடியிருக்கும்.

பி.யூ.சி. சீட்டு. அந்தச் சோதனை ஐடிலிங்கில்தான் நடக்கிறது. அதாவது இந்த வண்டி எப்போது நோயாளியோ, அப்போது எடுத்த ரத்தப் பரிசோதனை அது. சி.ஓ. என்பது கார்பன் மோனாக்சைடு. பெட்ரோல் அதிகமாகி, காற்று போதாமல் அரைகுறையாக எரியும்போது அது கூடும். எச்.சி. என்பது எரியாமலே வெளியேறிய பெட்ரோல். சி.ஓ. மிகக் குறைவு என்றால் கலவையில் பெட்ரோல் அதிகமில்லை. எச்.சி. அதிகம் என்றால் வெடிப்புகள் தவறுகின்றன. இரண்டையும் சேர்த்துப் படித்தால், மெலிந்த கலவை பற்றாமல் போகிறது என்ற வாக்கியம் கிடைக்கிறது. பாரத் ஸ்டேஜ்-2 புகை விதிக்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்குச் சட்ட வரம்பு சி.ஓ. 3 சதவீதம், எச்.சி. 1,500. அதனால் மாமாவின் வண்டி பாஸ். பாஸ் என்ற சொல்லைப் பார்த்து மூன்று ஒர்க்‌ஷாப்புகளும் சீட்டை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டன.

இன்னொரு பில்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். சைலன்சர் குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் உருவாக்கியது. 1976-ல் அமெரிக்காவில் விற்ற வால்வோ காரில் முதலில் வந்தது. புகையில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனைப் பார்த்து, கலவை மெலிந்ததா கொழுத்ததா என்று கம்ப்யூட்டருக்குத் தகவல் சொல்லும். மாமாவின் வண்டியில் அது எட்டு மாதமாக 'மெலிந்தது, மெலிந்தது' என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டாவது ஒர்க்‌ஷாப் அந்த சென்சாரையே கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டியது. புதுசும் அதையேதான் சொன்னது.

முள் சொன்ன சேதி

ஷட்டரில் எழுதியது அனுமானம். அண்ணாச்சி அதை நம்பிவிடவில்லை. "ஒத்துக்கிடுது, ஆனா இன்னும் ரெண்டு மூணு ஆள சந்தேகப்படணும்" என்றபடி இப்போதுதான் பானட்டைத் திறந்தார்.

முதலில் அவர் தடவிப் பார்த்தது எஞ்சின் ஒயரிங். 1990-களின் முதல் பாதியில் வந்த சில ஐரோப்பிய வண்டிகளில் ஒயரின் மேலுறை எஞ்சின் சூட்டில் காய்ந்து அப்பளம்போல் நொறுங்கிவிடும். உள்ளே செம்பும் செம்பும் உரசி, இன்ன நோய் என்று சொல்ல முடியாத நூறு நோய்களைக் கிளப்பும். கழிமுகத்தை ஒட்டிய சான்பாடா, வாஷி போன்ற இடங்களில் உப்புக் காற்று கனெக்டர்களில் பச்சை பூக்க வைப்பதும், மழைக்காலத்தில் எலி புகுந்து ஒயரைக் கடிப்பதும் தனி. மாமாவின் வண்டியில் ஒயரிங் ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தது. கனெக்டர்களும் சுத்தம். அந்தச் சந்தேகம் தீர்ந்தது.

அடுத்து, ஓடும் எஞ்சினில் ஒவ்வோர் இன்ஜெக்டரின் கனெக்டராகக் கழற்றி மாட்டினார். ஒழுங்காக வேலை செய்யும் சிலிண்டரை நிறுத்தினால் எஞ்சின் தடுமாற வேண்டும். ஏற்கெனவே செத்த சிலிண்டரை நிறுத்தினால் மாற்றமே தெரியாது. நான்கும் ஒரே அளவு தடுமாறின. தனி ஒருவனின் குற்றமில்லை என்று உறுதியானது. இந்த எஞ்சினில் ஒரு காயில் 1, 4 சிலிண்டருக்கும் இன்னொன்று 2, 3-க்கும் பொறி தருகிறது. காயில் கெட்டிருந்தால் ஜோடியாகப் படுத்திருக்கும். அதுவும் இல்லை. நான்குக்கும் பொதுவான ஏதோ ஒன்று. (வீட்டில் யாரும் பிளக் ஒயரைப் பிடுங்கி இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. அதில் ஓடுவது பல்லாயிரம் வோல்ட். எரியாத பெட்ரோலும் சைலன்சருக்குள் போய்ச் சூடேறும்.)

பிறகு ஒரு சின்ன வட்ட மீட்டரை எடுத்து, பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஓஸில் இடையே பொருத்தினார். வேக்குவம் கேஜ். இன்றைய ஸ்கேனர்களுக்கு முன்னால் மருத்துவரின் ஸ்டெதஸ்கோப் மாதிரி இருந்த கருவி இது. எஞ்சின் உள்ளே இழுக்கும் வெற்றிடத்தைப் பாதரச அங்குலத்தில் காட்டும். கடல் மட்டத்தில் காற்று 76 சென்டிமீட்டர் பாதரசத்தைத் தாங்கும் என்று டோரிசெல்லி 1643-ல் காட்டினாரே, அதே அளவுகோல்தான். நல்ல எஞ்சின் கடல் மட்டத்தில் 17 முதல் 21 அங்குலம் வரை காட்டும், முள் அசையாமல் நிற்கும். சான்பாடா கடலோரம் என்பதால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இதே எஞ்சின் 2,240 மீட்டர் உயரத்தில் ஊட்டியில் நின்றால் 12 அங்குலம் காட்டுவதே ஆரோக்கியம். ஊர் தெரியாமல் முள்ளைப் படிக்க முடியாது.

எங்கள் முள் 15-ல் நின்று, மெல்ல மேலும் கீழும் அலைந்தது. வால்வு எரிந்திருந்தால் ஒரே தாளத்தில் வெட்டி வெட்டி விழும். இது அந்த வகை இல்லை. எங்கோ பொதுவாகக் காற்று புகுகிறது.

எங்கே என்பதுதான் மிச்சம். இதற்குப் பலர் எரியும் திரவங்களை எஞ்சின்மேல் பீய்ச்சுவார்கள். சூடான சைலன்சர் பக்கத்தில் அது தீயோடு விளையாடுவது. அண்ணாச்சி செடிக்குத் தெளிக்கும் பாட்டிலில் வெறும் தண்ணீரை நிரப்பிக்கொண்டார். ஷெட்டில் இருந்த பையனிடம், "ஏலே, ஃபேன நிறுத்து. கொஞ்சம் சத்தமில்லாம இருங்க" என்றார். ஓஸ் ஓஸாகத் தெளித்துக்கொண்டே போனார். இன்டேக் மேனிஃபோல்டின் அடிப்பக்கம், எஞ்சினுக்குள் சேரும் ஆவியை உறிஞ்சி எடுக்கும் ரப்பர் முழங்கை ஓஸில் தண்ணீர் பட்டதும், இருமல் நின்றது. இரண்டு நொடி. முள் 18-க்கு ஏறியது. தண்ணீர் உள்ளே இழுக்கப்பட்டதும் மறுபடி 15.

"பாத்தியளா சார்?"

மாமா குனிந்து காதை வைத்தார். அதுவரை எஞ்சின் சத்தத்தோடு கலந்திருந்த ஒரு மெல்லிய 'உஸ்ஸ்' இப்போது தனியாகக் கேட்டது. அந்தச் சத்தத்துக்கும் ஒரு காரணம் உண்டு. துளையின் உட்பக்க அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் 53 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால், துளையின் மிகக் குறுகிய இடத்தில் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டுவிடும். அதற்குமேல் உள்ளே எவ்வளவு இழுத்தாலும் நுழையும் காற்று கூடாது. முள் 15 அங்குலம் காட்டியபோது உள்ளே இருந்தது வெளியழுத்தத்தில் பாதி. ஒரு கிழிந்த ரப்பர் ஓஸின் உதட்டில் ஒலிவேகக் காற்று சீறிக்கொண்டிருந்தது. ஆகவேதான் அந்த 50 கிராம் கிட்டத்தட்ட மாறாத எண்ணாக இருந்தது, ஆகவேதான் ஐடிலிங்கில் அது பெரிதாகவும் வேகத்தில் சிறிதாகவும் தெரிந்தது.

முள் ஏன் அலைந்தது என்பதற்கு இன்னும் பழைய கதை ஒன்று இருக்கிறது. எஞ்சின் சுற்று குறைந்தால் கம்ப்யூட்டர் காற்று வழியைத் திறக்கும். மீட்டர் காற்று கூடும், ஓட்டையின் பங்கு குறையும், கலவை சரியாகும், சுற்று எகிறும். எகிறியதும் வழியை மூடும். உடனே ஓட்டையின் பங்கு கூடி, கலவை மெலிந்து, சுற்று விழும். மறுபடி திறக்கும். ஒவ்வொரு திருத்தமும் கொஞ்சம் தாமதமாக வந்து, கொஞ்சம் அதிகமாகப் போய்விடுகிறது. நீராவி எஞ்சின்களின் வேகக் கட்டுப்பாட்டுக் குண்டுகள் இதேபோல் ஊசலாடி எஞ்சினியர்களைப் படுத்தியெடுத்த காலத்தில், ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1868-ல் அதற்குக் கணிதம் எழுதினார். மின்காந்த அலைகளின் சமன்பாடுகளைத் தந்த அதே மேக்ஸ்வெல்தான். கட்டுப்பாட்டுப் பொறியியல் என்ற துறையின் தொடக்கங்களில் ஒன்றாக அந்தக் கட்டுரையைச் சொல்கிறார்கள். மான்குர்த் சிக்னலில் ஆர்.பி.எம். முள் 600-க்கும் 900-க்கும் இடையே ஏறி இறங்கியபோது மாமா பார்த்துக்கொண்டிருந்தது அவர் எழுதிய கணக்கைத்தான்.

ரப்பரும் கரும்பும்

கழற்றிய ஓஸை அண்ணாச்சி என் கையில் கொடுத்தார். ரப்பர் என்றே சொல்ல முடியாது. வளைத்தால் கட்டை மாதிரி எதிர்த்தது. வளைவின் வெளிப்பக்கத்தில் நகக் கீறல்கள்போல் குறுக்கு வெடிப்புகள், அதில் ஒன்று ஊடுருவியிருந்தது.

1839-ல் சார்ல்ஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி, நீண்ட இழைகளுக்கு இடையே பாலங்கள் போட்டார். அந்தப் பாலங்கள்தான் இழுத்தால் நீண்டு, விட்டால் திரும்பும் குணத்தைத் தருகின்றன. ஆனால் வண்டிக்குள் அந்த வேதியியல் நிற்பதில்லை. பானட்டுக்கு அடியில் 90 டிகிரி சூட்டில் ஆக்ஸிஜன் வந்து மேலும் மேலும் பாலங்களைப் போட்டுக்கொண்டே இருக்கிறது. பாலங்கள் மிகுந்தால் ரப்பர் இறுகி நொறுங்கும். ஏறத்தாழ ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் இந்த வேகம் இரட்டிக்கும் என்பது வேதியியலில் ஒரு கைக்கணக்கு. எனவே ரப்பருக்கு வயது வருடத்தில் மட்டும் ஏறுவதில்லை, சூட்டிலும் ஏறுகிறது. மும்பை நெரிசலில் மணிக்கணக்கில் நின்று ஓடிய 29 வருட வண்டியின் ஓஸுக்கு வயது 29-ஐ விட மிக அதிகம். இதில் வண்டி செய்தவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எந்த ரப்பரும் இவ்வளவு காலம் நிற்காது.

ஆனால் வெடிப்பு ஒரே நாளில் வந்திருக்காது. பின் ஏன் போன தீபாவளியை ஒட்டி இருமல் தொடங்கியது? அண்ணாச்சி பங்க் பக்கம் கையைக் காட்டினார்.

2023 பிப்ரவரியில் அறிமுகமான இ20 பெட்ரோல், அடுத்த இரண்டு ஆண்டுகளில் நாடு முழுவதும் பரவிவிட்டது. கரும்பிலிருந்தும் தானியங்களிலிருந்தும் வரும் எத்தனால் அதில் 20 சதவீதம். எத்தனாலின் மூலக்கூறிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால், அது எரிய அதன் எடையைப்போல் 9 மடங்கு காற்று போதும். சுத்தப் பெட்ரோலுக்கு 14.7 என்றால் இ20-க்கு சுமார் 13.5. பழைய கம்ப்யூட்டர் 14.7-ஐ மனதில் வைத்தே அளந்து விடுகிறது. ஆக, ஓட்டையே இல்லாவிட்டாலும் கலவை சுமார் 8 சதவீதம் மெலிந்துவிடும். ஆக்ஸிஜன் சென்சாரின் தகவலைக் கேட்டுக் கம்ப்யூட்டர் அதைத் திருத்திக்கொள்ளும்தான். ஆனால் அந்தத் திருத்தத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, பல வண்டிகளில் 25 சதவீதத்தை ஒட்டி. ஐந்தில் ஒரு பங்கு ஓட்டைக் காற்றைச் சமாளிக்கவே 25 சதவீதக் கூடுதல் பெட்ரோல் வேண்டும். அதன்மேல் எத்தனாலின் 8 சதவீதமும் சேர்ந்தால் 35. கையிருப்பு தீர்ந்துவிட்டது. ஓட்டை மெல்ல வளர்ந்துகொண்டிருந்தது, புதுப் பெட்ரோல் மிச்சக் காசையும் எடுத்துக்கொண்டது. இரண்டும் சந்தித்த இடத்தில் இருமல் கேட்டது.

எத்தனால் பழைய வகை ரப்பர்களையும் பிளாஸ்டிக்குகளையும் ஊதவைத்துத் தளர்த்தும் என்பது தனிக் கவலை. இருபது வருடத்துக்கு மேற்பட்ட வண்டி வைத்திருப்பவர்கள் பெட்ரோல் போகும் ஓஸ்களை ஒரு முறை மொத்தமாக மாற்றிவிடுவது நல்லது. அங்கே கசிவு என்றால் வெறும் இருமலோடு போகாது, தீ.

ஸ்கேனர் இருந்தால் இதெல்லாம் ஒரு நிமிட வேலை என்று சொல்பவர்கள் உண்டு. இந்தியாவில் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ஓ.பி.டி. வசதி 2010-க்குப் பிறகுதான் கார்களில் கட்டாயமானது. அந்த வசதியுள்ள வண்டியில் இதே நோய்க்கு பி-0171 என்ற குறியீடு வரும். அதன் பொருள் 'கலவை மெலிந்திருக்கிறது' என்பது மட்டுமே. ஓஸ் வெடிப்பு, அழுக்கடைந்த காற்று மீட்டர், பலவீனமான பம்பு, சைலன்சரில் கசிவு என்று எல்லாவற்றுக்கும் அதே குறியீடுதான். குறியீடு வந்ததும் அதன் பெயரில் இருக்கும் பாகத்தை மாற்றுகிறவர்களுக்கு ஸ்கேனர் ஒரு விலை உயர்ந்த பில் புத்தகம். எந்த நிலையில் வருகிறது, எந்த நிலையில் மறைகிறது என்று கேட்கும் பழக்கம் இருந்தால்தான் அந்தக் கருவிக்கும் மதிப்பு.

புது ஓஸ் குர்லா சி.எஸ்.டி. ரோட்டு உதிரிபாகக் கடையில் மறுநாள் கிடைத்தது. முந்நூறு ரூபாய்க்குள். பழைய வண்டியிலிருந்து கழற்றிய ஓஸ் அதைவிட மலிவாகக் கிடைத்தும் அண்ணாச்சி தொடவில்லை. வெளியே பளபளவென்று இருந்தாலும் அதற்கும் இதே வயது. மாட்டியதும் கேஜ் முள் 19-ல் நின்றது, அசையவில்லை. மூன்று வாரம் கழித்து எடுத்த பி.யூ.சி. சீட்டில் சி.ஓ. 0.6, எச்.சி. 190. பதினைந்து வருடம் முடிந்த தனியார் வண்டிகளுக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2026-ல் மாமாவின் வண்டிக்கு நான்காவது புதுப்பிப்பு வருகிறது.

உங்கள் வண்டி புதிதோ பழையதோ, அடுத்த பி.யூ.சி. சீட்டு கைக்கு வந்ததும் அதிலுள்ள சி.ஓ., எச்.சி. என்ற இரண்டு எண்களையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இருமல் தொடங்கினால் அது சூட்டிலா குளிரிலா, நிற்கையிலா ஓடுகையிலா என்று பக்கத்திலேயே எழுதுங்கள். மெக்கானிக்கிடம் போகும்போது பில்களுக்கு முன்னால் அந்த நோட்டைக் கொடுங்கள்.